வண்டிற் சில்லும் தச்சன் கணக்கும்

ஔவையார், அதியமான் நெடுமானஞ்சியின் ஆற்றலைப் பகைவருக்கு எடுத்துரைக்கும் புறநானூற்றுப் பாட்டொன்றிலே (87) தச்சன் ஒருவன் வருகின்றான். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்து முடிக்கும் கைவல்லவன் அவன். அத்தகையவன் ஒரு மாதம் முழுவதும் முயன்று ஒரேயொரு சக்கரத்தைச் செய்தால் அது எவ்வாறிருக்குமோ அவ்வாறானவன் எங்கள் தலைவன் என்பது பாட்டின் கருத்து. மாணவப் பருவத்தில் இப்பாட்டைப் பயின்றபோது, ‘உயர்வு நவிற்சி’ என்று ஓரத்திற் குறித்துக்கொண்டு பரீட்சைக்குப் போனோம். அதற்கு மேல் அத்தச்சனைப் பற்றி நினைக்கவில்லை.

நாளொன்றுக்கு எட்டுத் தேர் என்பது மிகையே, ஐயமில்லை. ஆயின், ஒரு சக்கரத்துக்கு ஒரு மாதம் என்பதும் மிகைதானா? பிற்காலத்தே மரமும் இரும்பும் ஒன்றோடொன்று நடத்தும் வழக்கினைச் சிறிது கற்ற பின்னரே இவ்வினா எம் உள்ளத்தில் எழுந்தது. அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை. வண்டி முழுவதையும் பேசுதல் எமது நோக்கமன்று. பார், நுகம், ஏர்க்கால் முதலியவற்றை நல்ல தச்சன் எவனும் செய்துவிடலாம். சில்லுத்தான் அவனைச் சோதிப்பது.

யாழ்ப்பாணத்தார் வண்டியை வண்டில் என்பர். சக்கரத்தைச் சில்லு என்பர். பாரம் ஏற்றும் வண்டிலுக்குக் கரத்தை என்று மற்றொரு பெயரும் உண்டு. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்களுள் அஃது ஒன்று. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வரும்வரை மலைநாட்டுக் கோப்பி பெரும்பாலும் மாட்டு வண்டிகளிலேயே கொழும்புக்கு இறங்கியது. வடபாதைப் புகையிரதம் 1905இல் முழுமையாகத் திறக்கப்படும்வரை குடாநாட்டின் தரைவழிப் போக்குவரத்தும் மாட்டின் கழுத்திலும் தச்சனின் கைத்திறனிலுமே தங்கியிருந்தது. அத்துணைப் பாரத்தைத் தாங்கிய அந்தச் சில்லு எத்தகைய பொருள் என்பதை முதலிற் காண்போம்.

நடுவே இருப்பது குடம். குடத்திலிருந்து புறப்பட்டு நாற்புறமும் செல்வன ஆரக்கால்கள். ஆரக்கால்களின் தலையிலே வளைந்து பொருந்தி வட்டமாக அமைவன வட்டைகள். இவை அனைத்தையும் வெளியே சுற்றி இறுக்குவது இரும்புப் பட்டை. குடத்தினூடே அச்சு செல்லும்; அச்சின் நுனியிற் கடையாணி. பன்னிரண்டு ஆரக்காலுக்கு ஆறு வட்டைகள், ஒவ்வொரு வட்டைக்கும் இரண்டு ஆரக்கால் என்பது பெருவழக்கு. ஆகவே குடமும் பட்டையும் உட்பட இருபது உறுப்புகள். இவற்றை ஒன்றாக்குவது பசையுமன்று, ஆணியுமன்று. எல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் இறுக்கமே அவற்றை ஒரு பொருளாக்குகின்றது. அவ்விறுக்கம் தளர்ந்த அன்றே சில்லு விறகாகிவிடும்.

ஆதியில் இச்சிக்கல் இருக்கவில்லை. சுலோவீனியாவின் தலைநகராகிய லியுப்லியானாவை அடுத்த சதுப்பு நிலத்திலே 2002இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட மரச்சக்கரம் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. ஆரக்கால் ஏதுமின்றிப் பலகைகளைச் சேர்த்துச் செய்த முழுத் தட்டு அது. சக்கரத்துக்கு ஆஷ் மரமும் அச்சுக்கு ஓக் மரமும் தெரிந்தெடுத்திருக்கின்றார்கள். ஒரு மரம் எல்லாத் தொழிலுக்கும் உதவாது என்பதை அக்காலத்து மனிதனே அறிந்திருந்தான். நமது கோயிற்றேர்களின் சில்லுகளும் பெரும்பாலும் இவ்வகை முழுச்சில்லுகளே. ஆண்டுக்கொருமுறை வீதியை மெல்லச் சுற்றிவரும் தேருக்கு உறுதி வேண்டும், இலேசு வேண்டியதில்லை. நாடோறும் பாரத்தோடு பல கட்டை தூரம் செல்லும் வண்டிக்கோ இரண்டும் வேண்டும். மரத்தைக் குறைத்து வலிமையைக் குறையாமல் வைத்திருக்க மனிதன் கண்ட வழியே ஆரக்கால். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் போர்த்தேரோடு அது வந்தது.

இங்கே விஞ்ஞான மாணவர்க்கு ஒரு வினா. வண்டியின் பாரத்தைச் சில்லின் எந்த ஆரக்கால் தாங்குகின்றது? துவிச்சக்கரவண்டியை வைத்து விடை கூறுவோர் தவறிவிடுவர். துவிச்சக்கரவண்டியின் கம்பிகள் மெல்லியவை. அவற்றை அழுத்தினால் வளையும். ஆதலால் எல்லாக் கம்பிகளையும் முன்னரே இழுத்து முறுக்கி வைத்திருப்பர். மரச்சில்லில் ஆரக்கால் ஒரு தூண். பாரம் குடத்தின் வழியே இறங்கி, அவ்வேளையில் எந்த ஆரக்கால் நிலத்தை நோக்கி நிற்கின்றதோ அதன்மேல் ஊன்றுகின்றது. சில்லு உருள, அடுத்த தூண் வந்து அப்பாரத்தை ஏற்கின்றது. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு முறை இந்தக் கைமாற்றம். கல்லின் மேலேறித் தொப்பென்று விழும்போதும் அந்த ஒரு காலே அதிர்ச்சியைத் தாங்கவேண்டும். அது குடத்திற் செருகப்பட்ட இடத்தில் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் அவ்வாட்டம் வளர்ந்துகொண்டே போகும்.

ஆகவே மரத் தெரிவு முதற் பாடம். குடத்தைச் சுற்றிப் பன்னிரண்டு துளைகள். நடுவே அச்சுக்கு ஒரு பெருந்துளை. இத்தனை துளையிட்டும், துளைதோறும் ஆரக்காலைச் சம்மட்டியால் அறைந்தும் வெடிக்காத மரமே குடத்துக்கு ஆகும். ஆங்கிலேயத் தச்சர் இதற்கு எல்ம் மரத்தைக் கொண்டனர். அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஆப்பு வைத்தாலும் பிளவாது. ஆரக்காலுக்கு ஓக். அதனை வாளால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்தே எடுப்பர். அறுக்கும் வாள் நாரைக் குறுக்கே வெட்டிச் செல்லும்; பிளவோ நார் போகும் வழியே போகும்; நுனிமுதல் அடிவரை நார் அறாத காலே பாரத்தைத் தாங்கும். வட்டைக்கு, அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு மீளும் இயல்புடைய ஆஷ். தமிழகத்தில் இம்மூன்று தொழிலையும் பெரும்பாலும் கருவேல மரமே செய்தது. இலங்கையிற் சாவண்டலைக்கு இத்துறையில் நல்ல பெயர். சிங்களத்தார் ஹல்மில்ல என்று அழைக்கும் அம்மரம் சென்னைப் பக்கம் ஏற்றுமதியாகித் திருக்கோணமலை மரம் என்றே அங்குப் பெயர் பெற்றது. ஊரின் பெயரை மரத்துக்குக் கொடுத்த சிறப்பு நமக்குரியது; திருக்கோணமலையார் பெருமைப்படலாம்.

மரத்தைத் தெரிந்தெடுத்தாயிற்று. அடுத்தது காத்திருத்தல். ஒரு மாதக் கணக்கின் மறைபொருள் இங்கேதான் தொடங்குகின்றது.

ஈர மரம் உலரும்போது சுருங்கும் என்பது எவரும் அறிந்ததே. எத்திசையிற் சுருங்கும் என்பதைத்தான் நம்மிற் பலர் கருதுவதில்லை. நாரின் நெடுக்கில் மரம் சுருங்குவது மிகச் சிறிது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவே. நாருக்குக் குறுக்கே அதே மரம் நூற்றுக்கு நாலு, எட்டு என்று சுருங்கக்கூடும். இதனைச் சில்லில் வைத்துப் பாருங்கள். ஆரக்காலின் நீளம் நாரின் நெடுக்கே அமைவதால் அது குறையாது. வட்டையின் கனமோ நாருக்குக் குறுக்கே அமைந்தது. ஐந்தடி விட்டமுள்ள சில்லொன்றின் வட்டை நாலங்குலக் கனமென்று கொள்வோம். அரைகுறையாக உலர்ந்த மரத்தாற் செய்த வட்டை, பின்னர் நூற்றுக்கு இரண்டு பங்கு சுருங்கினால், கனத்திற் குறைவது அங்குலத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு. இது கண்ணுக்கே புலப்படாது. ஆயினும் ஆரை அவ்வளவு குறையச் சுற்றளவு ஏறத்தாழ அரை அங்குலம் குறைந்துவிடும். இரும்புப் பட்டை சுருங்குவதில்லையே! கோடையிற் பட்டை கழன்று கிலுகிலுவென்று ஆடுவதும், வண்டிற்காரர் சில்லைக் குளத்திலோ கேணியிலோ இரவு முழுவதும் ஊறவைப்பதும் இதனாலேயே. ஊறிய மரம் பருத்து மீண்டும் பட்டையை நிரப்பும். அது நோய்க்கு மருந்தன்று. வலிக்குப் பூசும் எண்ணெய் போன்றது. உலர்ந்ததும் பழைய கதை.

ஆகவே நல்ல தச்சன் குடத்துக்கான கட்டையை நடுவே துளைத்து நிழலிலே ஆண்டுக்கணக்கிற் போட்டுவைப்பான். தந்தை வெட்டி வைத்த மரத்தை மகன் எடுத்துச் சீவுவதுண்டு. அதனை நோக்க ஒரு மாதம் என்பது மிகையன்று. மரம் உலர்ந்து கிடந்த காலத்தை ஔவையார் கணக்கிற் சேர்க்கவேயில்லை.

வட்டை வெட்டும் முறையிலே ஓர் அழகிய கேத்திரகணிதம் உண்டு. வட்டத்தின் ஆரையைக் கவராயத்தில் எடுத்து அவ்வட்டத்தின் மேலேயே அடியடியாக வைத்துச் சென்றால் சரியாக ஆறாவது அடியிற் புறப்பட்ட புள்ளிக்கு வந்து சேர்வோம். யூக்கிளிட்டைப் படித்து நாம் அறிந்த இவ்வுண்மையைத் தச்சன் கயிறொன்றைக் கொண்டு அறிவான். ஆறு வட்டை என்ற வழக்கு அவனுக்கு இவ்வகையில் வசதியானது, பாகைமானி வேண்டியதில்லை. வட்டைகளை ஆரக்கால்களின் தலையில் ஏற்றியபின், ஒரு வட்டைக்கும் அடுத்த வட்டைக்கும் இடையே சிறிது வெளி விடுவான். கன்னிவேலை செய்பவன் கைத்தவறால் விட்ட இடைவெளி என்று எண்ணிவிடக் கூடாது. சில்லின் உயிர் அந்த இடைவெளியிலே இருக்கின்றது. எவ்வளவு விடவேண்டும் என்பதுதான் அவன் கணக்கு.

மற்றைப் பாதிக் கணக்குக் கொல்லனிடம் உண்டு.

1950களின் நடுப்பகுதியில் எமது சிற்றூர்ச் சந்தியிலே ஒரு கொல்லுலை இருந்தது. பட்டை இறுக்கும் நாளென்று தெரிந்தால், பள்ளிவிட்டு வரும் சிறுவர் எவரும் நேரே வீடு போகமாட்டோம். விறகையும் ஊமலையும் வட்டமாக அடுக்கி, அதன் நடுவே இரும்புப் பட்டையைக் கிடத்தி மூட்டியிருப்பர். சில்லு முற்றத்திலே மல்லாந்து கிடக்கும். முன்னதாகவே கொல்லர் கையளவான ஒரு சிறு தட்டுருளையைச் சில்லின் வெளி விளிம்பிலே ஓடவிட்டு எத்தனை சுற்று என்று எண்ணியிருப்பார். பின்னர் அதே உருளையைப் பட்டையின் உட்புறத்தே ஓடவிட்டு எண்ணியிருப்பார். விட்டத்தை இருபத்திரண்டாற் பெருக்கி ஏழாற் பிரித்துப் பார்த்தால் என்ன என்று யாம் ஒருமுறை கேட்டோம். “சில்லு உங்கடை கொப்பியிலை கீறின வட்டமில்லைத் தம்பி” என்றார். அவர் சொன்னது சரி. கையாற் செய்த சில்லு எதுவும் முழுவட்டமன்று. அதன் உண்மையான சுற்றளவை அதன் மேலேயே ஓடித்தான் அறியவேண்டும்.

பட்டை சில்லைவிடச் சிறியதாக வெட்டப்பட்டிருக்கும். எவ்வளவு சிறியது? பௌதிகம் கற்போர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். இரும்பின் நீள விரிவுக் குணகம் சதமபாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 0.000012. ஐந்தடி விட்டத்துக்குச் சுற்றளவு 188½ அங்குலம். பட்டையை 500 சதமபாகை வெப்பமேற்றினால் அது 1.13 அங்குலம் நீளும். ஆகவே ஓர் அங்குலம் சிறிதாக வெட்டிய பட்டை, கன்னிச் சிவப்பாகக் காய்ந்த நிலையிலே சில்லின் மேல் ஏறும். ஆறியபின் எந்த மனிதவலியாலும் கழற்றமுடியாதபடி இறுகும். ஒன்றரை அங்குலம் சிறிதாக வெட்டியிருந்தால் எளிதில் ஏறாது. கால் அங்குலமே சிறிதாக இருந்தால் ஏறும், ஆனால் இறுகாது.

“தம்பிமார், எட்ட நில்லுங்கோ!” என்ற குரல் வரும். நால்வர் நீண்ட குறடுகளாற் பட்டையைத் தூக்கி வந்து சில்லின்மேல் வைப்பர். வைத்த கணத்தில் மரம் தீப்பற்றும். சம்மட்டியால் ஒருபுறம் அடிக்க மறுபுறம் கிளம்பும். அதனை அடிக்க இது கிளம்பும். புகையின் நடுவே பட்டை இறங்கி அமர்ந்ததும் வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றுவர். அப்பொழுது கேட்கும் ஓசையை யாம் இன்றும் மறக்கவில்லை. முதலிற் சீறல், பின்னர், ஆறு பொருத்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொள்ளும் நறநறப்பு, கடைசியில் ஆரக்கால்கள் குடத்துக்குள் இறுகும் ஒரு தாழ்ந்த முனகல். இருபது உறுப்புகளும் ஒரு பொருளாகிய ஓசை அது. கொல்லர் சம்மட்டியின் பிடியால் ஆரக்காலைத் தட்டிப் பார்ப்பார். மணிபோல ஒலித்தால் தச்சரின் முகத்திற் சிரிப்பு வரும்.

ஒருநாள் அம்முனகலுக்குப் பதிலாக வேறோர் ஓசை எழுந்தது. தண்ணீர் ஊற்றி முடியுமுன்னே சில்லு கண்ணெதிரே வளைந்து, காற்றில் மறுபக்கம் திரும்பிய குடைபோலக் குழிந்தது. இரண்டு ஆரக்கால்கள் கழுத்தில் முறிந்தன. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் தச்சர், “அண்ணை, பட்டையைக் கட்டையாய் வெட்டிப்போட்டியள்” என்றார். கொல்லர், “நீ பொருத்துக்கு இடம் விட்டனியோ?” என்றார். இருவரும் ஒரு தெருவிலே பிறந்து வளர்ந்தவர்கள். அன்று தொடங்கிய வாக்குவாதம் பல மாதம் நீடித்தது. வண்டிற்காரர் கூலி கொடுக்க மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்று சந்தியிலே பெரியவர்கள் தீர்ப்புக் கூறியபோது எமக்கு எதுவும் விளங்கவில்லை. பிரயோக கணிதம் படித்தபின் கடுதாசியிற் கணக்கிட்டுப் பார்த்தோம்.

பட்டை ஓர் அங்குலம் சிறிது. தச்சர் ஆறு பொருத்திலும் எட்டிலொரு அங்குலம் வீதம் வெளி விட்டிருந்தால் அது மொத்தம் முக்கால் அங்குலம். பட்டை சுருங்கும்போது இந்த முக்கால் அங்குலத்தை வட்டைகள் நெருங்கி வந்து கொடுத்துவிடும். எஞ்சிய கால் அங்குலம் மரத்தைச் சிறிது நசுக்கியும் இரும்பைச் சிறிது இழுத்தும் சரியாகிவிடும். அதுவே வேண்டிய இறுக்கம். இனி, அவர் பதினாறிலொரு அங்குலம் வீதமே விட்டிருந்தார் என்று கொள்வோம். மொத்தம் முக்காலின் பாதி. எஞ்சுவது அரைக்கும் மேல், எட்டில் ஐந்து பங்கு. இம்மிகுதி முழுவதும் ஆரக்கால்களின்மேல் விழுமாயின், சில்லின் ஆரை அங்குலத்திற் பத்திலொரு பங்கு குறையவேண்டும். ஆனால் ஆரக்கால் நாரின் நெடுக்கே நிற்கும் தூண். அது குறுக மறுக்கும். குறுக மறுக்கும் தூணுக்கு ஒரே வழி பக்கவாட்டிற் சாய்வது. இருபத்தோரங்குல நீளமுள்ள ஆரக்கால், தன் குத்துயரத்திற் பத்திலொரு அங்குலம் குறையும்படி சாயவேண்டுமாயின், பைதகரசின் தேற்றப்படி, அதன் தலை பக்கவாட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் விலகவேண்டும்! பத்திலொரு அங்குலப் பிழை இரண்டங்குலக் கேடாக வெளிப்படும் விந்தை இதுவே. பொருத்தொன்றில் ஏற்பட்ட வேறுபாடோ பதினாறிலொரு அங்குலம். அவ்வளவுதான்.

பட்டையைக் கொல்லர் குறைத்து வெட்டியிருந்தாலும் இதே விளைவுதான். ஆகவே அச்சண்டையிற் குற்றவாளியைச் சில்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. தவறு எவருடைய அளவிலும் தனியே இருந்திராது. இரண்டு அளவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதே உண்மை. அவ்வளவுகள் எங்கும் எழுதப்பட்டவையல்ல. ஒருவர் கையும் மற்றவர் கையும் பல்லாண்டு பழகிய பழக்கத்திலே இருந்தவை.

இவ்விடர்ப்பாட்டுக்கு இங்கிலாந்துத் தச்சர் கண்ட வழியொன்றைக் கூறாமல் விடலாகாது. அவர்கள் சில்லைத் தட்டையாகச் செய்வதில்லை. ஆரக்கால்கள் குடத்திலிருந்து புறப்படும்போதே சற்று வெளிநோக்கிச் சாய்ந்திருக்கும். முழுச் சில்லும் வெளிப்புறம் குழிந்த ஒரு தட்டம் போல இருக்கும். ஜோர்ஜ் ஸ்டேர்ட் என்பவர் இதுபற்றிச் சுவையாக எழுதியுள்ளார். அவர் ஆசிரியத் தொழிலில் இருந்தவர். 1884இல் தந்தை இறக்கவே சறே மாகாணத்துப் பார்னம் ஊரில் இருந்த குடும்பத்தின் வண்டிப் பட்டறையை ஏற்க நேர்ந்தது. படித்த ஆசிரியர், எழுத்தறிவு குறைந்த தம் தொழிலாளரிடமே தொழில் கற்றார். அவ்வனுபவத்தை 1923இல் ‘சில்லுத் தச்சர் பட்டறை’ என்ற கருத்துடைய பெயரால் நூலாக வெளியிட்டார். சில்லைக் குழிவாகச் செய்யவேண்டும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதை அவர் விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

காரணம் இதுதான். இழுக்கும் விலங்கு காலை மாற்றி மாற்றி வைக்கும்போது வண்டியின் உடல் இடமும் வலமுமாக அசைகின்றது. ஒவ்வோர் அசைவிலும் அச்சின் தோள் குடத்தை வெளிநோக்கி இடிக்கின்றது. தட்டையான சில்லுக்கு இந்தப் பக்க இடியைத் தாங்கும் வலி குறைவு; நாளடைவிற் குடம் வெளியே பிதுங்கிவிடும். குழிந்த சில்லிலோ, குடம் வெளிநோக்கி வர முயலும்போது ஆரக்கால்கள் நிமிர முயல்கின்றன. நிமிர்ந்தால் வட்டம் பெரிதாகவேண்டும். இரும்புப் பட்டை அதற்கு இடங்கொடாது. இடி வர வரச் சில்லு இறுகுகின்றது! கட்டிடக்கலையில் வளைவு எப்படிப் பாரத்தால் உறுதி பெறுகின்றதோ அப்படி. அச்சின் நுனியைச் சற்றுக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால், சாய்ந்த ஆரக்கால்களுள் நிலத்தைத் தொடும் வேளையில் ஊன்றுங்கால் மட்டும் செங்குத்தாக நிற்கும். பாரம் தாங்கும் கணத்தில் தூண் நேராக இருக்கின்றது. மேலும் பட்டை இறுகும்போது ஆரக்கால்கள் எப்பக்கம் சாய்வது என்று தடுமாறுவதில்லை. போகவேண்டிய பக்கம் முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. எமது சந்தியில் நிகழ்ந்த விபத்து அங்கு நிகழாதென்று யாம் கூறவரவில்லை. நிகழ்வதற்கு இன்னும் பெரிய பிழை வேண்டும் என்று மட்டும் கூறலாம்.

சில்லின் பருமனைப் பற்றியும் ஒருவார்த்தை. இரண்டு சில்லு வண்டிலுக்கு நம்மவர் ஏன் அத்துணைப் பெரிய சில்லை வைத்தனர்? இரண்டங்குல உயரக் கல்லொன்றின்மேல் ஐந்தடிச் சில்லை ஏற்றக் கிடைத்திசையில் வேண்டிய இழுவை, சில்லின்மேல் உள்ள பாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. சில்லை இரண்டரை அடியாகக் குறைத்தால் அது ஐந்தில் மூன்று பங்காக உயரும். திருப்புதிறன் கொண்டு இதனை நிறுவுதல் மாணவர்க்கு நல்ல பயிற்சி. கல்லும் பள்ளமும் நிறைந்த ஒழுங்கைகளில் இவ்வேறுபாட்டைச் சுமந்தது மாட்டின் கழுத்து. நிலத்தோடு உராய்வது போக, அச்சும் குடமும் உராய்வதைக் குறைக்க வைக்கோற் கரியை ஆமணக்கெண்ணெயிற் குழைத்து மையாக இட்டனர்.

அச்சு பற்றிய கவலையும் பழையதே. உமணர் உப்பு வண்டிகளோடு நெடுவழி செல்லும்போது, ஏற்றமும் இறக்கமும் எப்படி இருக்குமோ என்று அஞ்சி, மாற்று அச்சொன்றை வண்டியின் கீழே கட்டிச் செல்வர் என்று புறநானூறு (102) கூறுகின்றது. இந்நாளில் மோட்டார் வண்டிகள் மாற்றுச் சில்லைக் கொண்டுசெல்கின்றன. அக்காலத்தில் மாற்று அச்சு. இதிலிருந்து யாம் ஒன்றை ஊகிக்கின்றோம். மரத்தாலான அச்சு வழியில் முறியும் என்று எதிர்பார்த்தனர். சில்லு முறியும் என்று அத்துணை எதிர்பார்க்கவில்லை. அப்படியாயின் சில்லுத் தச்சர் தம் தொழிலைச் செவ்வனே செய்திருந்தனர் என்பது பெறப்படும். அதியமானுக்கு ஔவையார் சக்கரத்தை உவமை கூறியதற்கும் இதுவே காரணமாகலாம். அழகை நோக்கியன்று, எத்தனை இடி வந்தாலும் அவ்விடியாலேயே இறுகும் பொருளென்ற நோக்கில். உரையாசிரியர் இவ்வாறு கூறவில்லையாயினும், கொல்லுலையில் நின்று கேட்டவர்க்கு இப்பொருள் தோன்றாமற் போகாது.

ரயர்ச் சில்லும் லொறியும் உழவு இயந்திரமும் வந்தபின் சில்லுத் தச்சருக்கு வேலை குறைந்தது. 1990களிற் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைப்பட்டபோது துவிச்சக்கரவண்டியோடு மாட்டு வண்டிலும் மீண்டும் தெருவுக்கு வந்தது. வீட்டுப் புறத்தே கிடந்த பழைய சில்லுகளைத் தூக்கி நிறுத்தியபோது, அவற்றை இறுக்கத் தெரிந்த கைகள் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. இன்று வண்டிற் சவாரி நடைபெறும் திடல்களைச் சார்ந்தே இத்தொழிலிற் சிறிது உயிர் இருக்கின்றது. சவாரி வண்டில் பாரம் ஏற்றுவதன்று. அதன் சில்லுக்கு வேண்டிய அளவுகளும் வேறு. பாரவண்டிற் சில்லின் அளவுகள், அவற்றைக் கையிலே வைத்திருந்தவர்களோடு பெரும்பாலும் போய்விட்டன.

ஆனால் சில்லுகள் சில இன்னும் கிடக்கின்றன. வளவு மூலைகளிற் கறையான் அரித்தபடியும், விடுதிகளின் மதிலிற் சாய்த்து வைத்த அலங்காரப் பொருளாகவும் அவற்றைக் காணலாம். எமது கல்லூரியின் உயர்வகுப்பு மாணவர் விடுமுறை நாளொன்றில் அவற்றைத் தேடிச் சென்று அளந்து எழுதிக்கொள்ளலாம். கருவி அதிகம் வேண்டா. ஒரு நாடா, ஒரு நேர்க்கோல், நூற்கயிறு போதும். வட்டையின் கனம், ஆரக்காலின் நீளம், குடத்தின் விட்டம், பட்டையின் அகலமும் தடிப்பும் என்பவற்றை முதலிற் குறிக்குக. பின்னர் நேர்க்கோலைச் சில்லின் விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்குக் குறுக்கே வைத்து, ஆரக்கால் குடத்திற் புகும் இடம் கோலிலிருந்து எவ்வளவு உள்வாங்கியிருக்கின்றது என்பதை இருபுறமும் அளக்குக. குழிவு உண்டா, எப்பக்கம், எவ்வளவு என்பது அதனால் தெரியும். உளி பட்ட தடங்களைப் பார்த்து ஆரக்கால் அறுத்ததா பிளந்ததா என்றும் சொல்லிவிடலாம். பட்டை கழன்ற சில்லாயின் மிக நல்லது: கயிற்றைப் பட்டையின் உட்புறம் ஒருமுறையும் வட்டைகளின் வெளிப்புறம் ஒருமுறையும் சுற்றி அளந்து, பொருத்துகள் மூடியிருக்கின்றனவா திறந்திருக்கின்றனவா என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்க. வீட்டில் வயது முதிர்ந்தோர் எவரேனும் இருந்தால், அச்சில்லை இறுக்கியவர் எந்த ஊர்க் கொல்லர், வட்டை பூட்டியவர் எந்த ஊர்த் தச்சர் என்பதைக் கேட்டு இரு பெயரையும் ஒரே வரியிற் குறிக்குக.